கல்வெட்டுப் பாடமும் ஐயக்குறியும்: வரலாற்றாய்வின் மின்வழிப் பகிர்வு – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

கல்வெட்டு என்பது தோன்றும்போதே பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட ஆவணமாகும். நிலக்கொடை, இறைநீக்கம், ஊர்ச்சபையின் முடிவு, நந்தாவிளக்கு எரிக்க விடப்பட்ட ஆடுகளின் தொகை ஆகியன கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டமைக்குக் காரணம், ஊரார் அறியவேண்டும், பின்வருவோர் மாற்றாது காக்கவேண்டும் என்பதே. காலப்போக்கில் எழுத்து வடிவங்கள் மாறின. கல்லில் உள்ளதைப் படிக்கும் ஆற்றல் ஒருசில வல்லுநரிடம் தங்கியது. 1886-இல் சென்னையில் ஹூல்ட்சு கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்டார். 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது. அன்றுமுதல் வல்லுநரின் வாசிப்பு நூல்வடிவம் பெற்றது. எனினும் அந்நூல்கள் பெரும்பாலும் நூலகங்களிலேயே தங்கின. எந்த ஊரின் சுவரிலிருந்து படியெடுக்கப்பட்டதோ அந்த ஊரார் அதனைக் காண வாய்ப்பில்லாதிருந்தனர்.

இந்நிலை இன்று மாறிவிட்டது. ஒரு கல்வெட்டின் வாசகத்தைக் கைப்பேசியில் எவரும் காணலாம். இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மாற்றத்தில் ஆய்வின் எப்பகுதி மக்களைச் சென்றடைகிறது, எப்பகுதி வழியில் உதிர்ந்துபோகிறது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. உதிர்வது பெரும்பாலும் ஐயக்குறியே என்பதும், ஐயக்குறி நீங்கிய வாசகம் ஆய்வின் முடிவாகத் தோன்றினாலும் ஆய்வாகாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. எழுத்து, காலம், பொருள் என்னும் மூன்று நிலைகளில் இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

1. எழுத்து நிலை ஐயம்

1.1. தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுதல் அரிது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் காட்டப்படுவதில்லை. ரகரமும் காலும் பல கல்வெட்டுகளில் ஒரே வடிவின. ஆகவே கொம்பு, ககரம், கால், னகரம் என நான்கு வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால் அவற்றைக் ‘கொன்’ என்றோ ‘கோன்’ என்றோ ‘கொன’ என்றோ ‘கோன’ என்றோ படிக்க இடமுண்டு. காலை ரகரமாகக் கொண்டால் வேறு வாசிப்புகளும் எழும். இவற்றுள் எது பொருந்தும் என்பதை முன்பின் தொடரைக் கொண்டு பதிப்பாசிரியரே முடிவு செய்கிறார். கல் சிதைந்த இடத்தில் இம்முடிவு மேலும் கடினமாகிறது. எனவே அச்சில் நாம் காணும் ஒவ்வொரு கல்வெட்டுப் பாடமும் ஓரளவு பதிப்பாசிரியரின் படைப்பாகும்.

இதனை முன்னைப் பதிப்பாசிரியர்கள் மறைக்கவில்லை. சிதைந்தோ ஐயத்துக்கு இடமாகவோ உள்ள எழுத்துகளைப் பகர அடைப்பிலிட்டனர். கல்லில் இல்லாது தாம் சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி இட்டனர். முற்றும் அழிந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டினர். கல்தச்சனின் பிழை என்று தாம் கருதியதை மூலத்தில் திருத்தாது அடிக்குறிப்பில் குறித்தனர். கிரேக்க, இலத்தீன் ஆவணப் பதிப்பாளர்கள் 1931-இல் இலெய்டன் நகரில் கூடி இத்தகைய குறியீடுகளை ஒருமைப்படுத்தியதற்கு முன்பே, இந்தியக் கல்வெட்டியலில் இந்நெறி வழக்கில் இருந்தது. தமிழ்ப் பதிப்புலகிற்கும் இது புதிதன்று. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளை உடன் கொடுத்தார். தாம் தேர்ந்த பாடத்தோடு தேராத பாடத்தையும் படிப்போர் முன் வைப்பது அவர்தம் பதிப்பறமாக இருந்தது.

1.2. இக்குறிகள் வெறும் அணிகலன்கள் அல்ல என்பதற்கு மாங்குளம் கல்வெட்டுகளின் வரலாறு சான்றாகும். மதுரைக்கு அண்மையில் உள்ள அக்குகைக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சூவெல் கண்டறிந்தார். அவற்றின் எழுத்து பிராமி என அறியப்பட்ட பின்னரும் மொழி யாது என்பது தெளிவாகவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகைக் கல்வெட்டுகளில் தமிழுக்கே உரிய எழுத்துகள் உள்ளமையைக் காட்டி, அவற்றின் மொழி தமிழே என நிறுவினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் அவற்றை மீண்டும் நேரில் ஆய்ந்து, நெடுஞ்செழியன் என்னும் பெயரைப் படித்தார். அவருடைய முழுமையான பதிப்பு 2003-இல் வெளிவந்தது. ஒரு சில வரிகளுக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாசிப்பு வரலாறு உண்டு. முதலில் படித்தவர்கள் தம் ஐயங்களை ஐயங்களாகவே விட்டுச் சென்றமையால்தான் பின்வந்தோர் மீண்டும் குகைக்குச் செல்ல நேர்ந்தது. ஐயக்குறி என்பது அடுத்த ஆய்வாளனுக்கு விடப்படும் அழைப்பு எனலாம்.

1.3. இனி, மின்வழிக்கு வந்தபோது நேர்ந்ததைக் காண்போம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) தமிழ் நூல்களை இணையத்தில் பரப்பிய முன்னோடி முயற்சிகள். கல்வெட்டுத் தொகுதிகளைப் பொறுத்தவரை இருவகைப் பகிர்வுகள் வழக்கில் உள்ளன. ஒன்று, அச்சுப் பக்கத்தை அப்படியே ஒளிவருடிப் படமாக இடுவது. இதில் ஐயக்குறிகள் சிதையாமல் இருக்கின்றன. ஆனால் வேண்டிய சொல்லைத் தேட இயலாது. மற்றொன்று, வாசகத்தைத் தட்டச்சு செய்து உரையாக இடுவது. இதில் தேடலாம், ஆனால் குறிகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

இம்மறைவுக்குக் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று; தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ‘இரா[ச]கேசரி’ என அடைப்புடன் இட்டால், ‘இராசகேசரி’ என்று தேடுபவருக்கு அச்சொல் அகப்படாது. தேடல் எளிதாகவேண்டும் என்பதற்காகத் தளம் அமைப்போர் அடைப்பை நீக்குகின்றனர். எழுத்துணரி மென்பொருளோ அடைப்பையும் உடுக்குறியையும் அழுக்கெனக் கருதி விட்டுவிடுகிறது, அல்லது வேறோர் எழுத்தாக்கிவிடுகிறது. இவ்வாறு நான்கு எழுத்துகள் ஐயமாகவும் இரண்டு எழுத்துகள் ஊகமாகவும் இருந்த ஒரு வரி, ஐயமற்ற முழுவரியாக உலாவரத் தொடங்குகிறது. அதனை எடுத்தாள்பவர் அச்சுத் தொகுதியைக் காணாதவராயின், தாம் படிப்பது கல்லின் சொல்லா பதிப்பாசிரியரின் சொல்லா என அறிய வழியில்லை.

எழுத்துருக் குறையும் இதனோடு சேர்ந்துகொண்டது. தமிழ்க் கல்வெட்டுகளில் கிரந்த எழுத்துகள் விரவி வருகின்றன. மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களுக்குத் தனிக்குறிகள் உள்ளன. கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றது 2014-இல். பின்னக் குறிகள் இடம்பெற்றது 2019-இல். அதற்குமுன் தட்டச்சு செய்யப்பட்ட உரைகளில் இவை தமிழெழுத்தாக மாற்றப்பட்டன, அல்லது விடப்பட்டன. நிலத்தின் அளவைக் கூறவே எழுந்த ஒரு கல்வெட்டில் அளவுக்குறி விடுபடுதல் எத்தகைய இழப்பு என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2. கால நிலை ஐயம்

சோழ அரசர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைந்தனர் என்பது அறிந்ததே. ‘மதிரை கொண்ட’ என்பது போன்ற அடைமொழி இருப்பின் பரகேசரி என்பான் முதற் பராந்தகன் எனத் தெளியலாம். அடைமொழி ஏதுமின்றி ‘கோவிராசகேசரி’ என்றும் ஆட்சியாண்டு இன்னதென்றும் மட்டும் கூறும் கல்வெட்டுகள் மிகப்பல. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 13-ஆம் தொகுதி இராசகேசரி கல்வெட்டுகளையும் 19-ஆம் தொகுதி பரகேசரி கல்வெட்டுகளையும் தனித்தனியே தொகுத்துத் தந்திருப்பது இச்சிக்கலின் அளவைக் காட்டும். இத்தகைய கல்வெட்டு முதலாம் ஆதித்தனுடையதா, கண்டராதித்தனுடையதா, சுந்தர சோழனுடையதா, முதலாம் இராசராசனுடையதா என்பதை எழுத்தமைதி, குறிப்பிடப்பெறும் அலுவலர் பெயர், கோயிலின் கட்டடநிலை ஆகியவற்றைக் கொண்டே ஊகிக்கவேண்டும். கருத்து மாறினால் ஒரு நூற்றாண்டு வரையிலும் காலம் மாறக்கூடும்.

அச்சுத் தொகுதியில் இவ்வூகம் முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ காரணத்துடன் கூறப்படும். மின்தரவுப் பட்டியலிலோ ‘ஆண்டு’ என்ற தலைப்பின்கீழ் ஒரு கட்டம் மட்டுமே இருக்கும். அக்கட்டம் ஓர் எண்ணை வேண்டி நிற்கிறது. ‘இருக்கலாம்’ என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை. தரவுகளைத் தொகுத்து வரைபடமும் அட்டவணையும் ஆக்குவோர் இவ்வெண்களைச் சமமான உறுதியுடையவையாகக் கொள்கின்றனர். ஆட்சியாண்டு தெளிவாக உள்ள கல்வெட்டும், எழுத்தமைதியால் மட்டுமே காலங் கணிக்கப்பட்ட கல்வெட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கருவியின் அமைப்பே இங்கு ஆய்வின் முடிவை வடிவமைத்துவிடுகிறது.

3. பொருள் நிலை ஐயம்

3.1. உத்தரமேரூர்

1898-இல் படியெடுக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்கு, அஃதாவது கி.பி. 919, 921-க்கு உரியன. 1904-05-ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வெங்கையாவும், 1932-இல் நீலகண்ட சாஸ்திரியும் இவற்றை விரிவாக ஆராய்ந்தனர். இணையத்தில் இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ‘ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தேர்தல்’ என்னும் தலைப்பில் உலவுகின்றன. குடவோலை என்பது வாக்குச்சீட்டாகவும், குடம் என்பது வாக்குப்பெட்டியாகவும், ஊரார் அனைவரும் வாக்காளராகவும் காட்டப்படுகின்றனர்.

கல்வெட்டு கூறுவது வேறு. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. சபை கூடியிருக்க, ஏதுமறியாத ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். எவரும் எவருக்கும் வாக்களிக்கவில்லை. இது திருவுளச்சீட்டு முறை. தகுதியும் எல்லோர்க்கும் உரியதன்று. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட அகவை, வேதக்கல்வி ஆகியன வேண்டப்பட்டன. வேதமும் பாடியமும் கற்றவருக்கு நிலத்தின் அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. அவ்வூர் ஒரு பிரமதேயம். அச்சபை அந்தணர் சபை. பெண்டிரும் உழுகுடிகளும் அக்குடத்தில் இடம்பெறவில்லை.

இவ்வரம்புகளைக் கூறுவதனால் கல்வெட்டின் பெருமை குறைந்துவிடுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியமை, மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பு வகித்தவரை நீக்கியமை, சீட்டெடுப்பில் சூழ்ச்சி நேராவண்ணம் சிறுவனைக் கொண்டமை ஆகியன ஆட்சியியல் வரலாற்றில் தனிச்சிறப்புடையன. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என இருந்த அகவை வரம்பு இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டமை, ஒரு சபை தன் விதியைத் தானே திருத்திக்கொண்டதைக் காட்டும் அரிய சான்று. ‘தேர்தல்’ என்னும் ஒரே சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது. புகழ்வதற்கென எளிமையாக்கியவர், உண்மையில் புகழத்தக்கதையே விட்டுவிட்டார்.

3.2. உடையார்குடி

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, 2022, 2023-ஆம் ஆண்டுகளில் பொன்னியின் செல்வன் திரைப்படத்தின் இரு பாகங்களும் வெளிவந்தபின் மிகப் பரவலாகப் பேசப்பட்டது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார், கொல்வித்தவர் யார் என்பதை இக்கல்வெட்டு வெளிப்படுத்திவிட்டதாகக் காணொளிகள் பல கூறின.

இக்கல்வெட்டு ஒரு கொலைவழக்கின் தீர்ப்பன்று. இராசகேசரியின் 2-ஆம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் எனச் சுட்டப்பெறும் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் உரிய உடைமைகளை விற்பது குறித்த அரசாணையைச் சுட்டி, அந்நிலத்தில் ஒரு பகுதியை விலைக்குக் கொண்டவர் செய்த அறக்கொடையை அது பதிவு செய்கிறது. கொலையின் காரணத்தை அது கூறவில்லை. இராசகேசரி என்பான் முதலாம் இராசராசன் என்பது ஆய்வாளர் கொண்ட முடிவு. தண்டனை இராசராசன் காலத்தில் நிகழ்ந்திருப்பதனால் உத்தம சோழன் அதனைத் தாழ்த்தினான் எனக் கருதி, நீலகண்ட சாஸ்திரி அவன்மீது ஐயம் எழுப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். நில விற்பனை இராசராசன் காலத்தில் நிகழ்ந்தமையால், தண்டனையும் அப்போதுதான் முதன்முதலாக வழங்கப்பட்டது என்பது பெறப்படாது என்பதும் எண்ணத்தக்கது.

கல்வெட்டின் கூற்று ஒன்று. அதிலிருந்து பெறப்படும் ஊகம் மற்றொன்று. அவ்வூகத்தின் மீதான மறுப்பு மூன்றாவது. ஆய்வேடுகளில் தனித்தனியே நிற்கும் இம்மூன்றும் காணொளியில் ஒரே குரலில் ஒலிக்கின்றன. கேட்பவர் எதைக் கல் சொன்னது, எதை அறிஞர் சொன்னார், எதைப் புதினம் சொன்னது என்று பிரித்தறிய இயலாது போகிறது.

4. நல்வழி காட்டும் முயற்சிகள்

குறைகூறுதலோடு அமைவது முறையன்று. ஐயத்தை மறைக்காமல் மின்வழிப் பகிர்வு செய்ய இயலும் என்பதைக் காட்டும் முயற்சிகள் இரண்டினை இங்குக் குறிக்கலாம்.

பெங்களூரு, கோலார் வட்டாரங்கள் சோழராட்சிக்கு உட்பட்டிருந்தமையால் அங்குக் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் மிகுதி. அவற்றை பி.எல். ரைஸ் 1905-இல் எபிகிராபியா கர்நாடிகாவின் 9, 10-ஆம் தொகுதிகளில் வெளியிட்டார். நகரம் பெருகியபோது அவற்றுட் பல மறைந்தன. 2018-இல் ஹெப்பாளத்தில் வெளிப்பட்ட கங்க அரசன் சிறீபுருடன் காலத்து நடுகல், ஏறத்தாழ கி.பி. 750-ஐச் சார்ந்தது; பொதுமக்களும் ஆர்வலரும் அதனைக் காத்தனர். 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூருக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஒளிவருடலால் பதிவுசெய்து, எவரும் காணத்தக்கவாறு இணையத்தில் வைத்துவருகிறது. கண்ணுக்குப் புலப்படாத தேய்ந்த எழுத்துகளும் இம்முறையில் தெளிவு பெறுகின்றன. பழைய வாசிப்புகள் திருத்தம் பெறவும் இடமேற்படுகிறது. முடிவை மட்டுமன்றிச் சான்றையே மக்கள் கையில் தருவது இம்முயற்சியின் சிறப்பு.

ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நல்கையில் 2019-இல் தொடங்கிய தர்மா திட்டம், தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளிட்டவற்றை எபிடாக் என்னும் குறியீட்டு முறையில் பதிப்பிக்கிறது. இம்முறையில் ஐய எழுத்து, அழிந்த இடம், பதிப்பாசிரியர் சேர்த்தது ஆகிய ஒவ்வொன்றும் தனி அடையாளம் பெறுகின்றன. கணிப்பொறி தேடும்போது அடையாளத்தைக் கடந்து சொல்லைக் காண்கிறது; மனிதர் படிக்கும்போது அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. தேடலுக்காக அடைப்பை நீக்கத்தான் வேண்டும் என்னும் வாதம் இதனால் வலுவிழக்கிறது. எனினும் இதன் முதன்மைப் பாடம் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் அமைந்துள்ளமையால், தமிழை மட்டுமே அறிந்த ஊர்மக்களுக்கு இது எட்டாக் கனியே. நெறி செம்மையானது, அந்நெறி தமிழெழுத்தில் வரவேண்டும்.

5. ஒரு மறுப்பும் விடையும்

ஐயங்களை எல்லாம் எடுத்துரைத்தால் பொதுமக்கள் குழம்புவர், வரலாற்றார்வம் குன்றும் என்பாரும் உளர். இக்கூற்று மக்களைக் குறைத்து மதிப்பிடுகிறது. நிலப்பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால் விளையும் கேட்டினை ஊரார் நன்கறிவர். கல்வெட்டும் ஒருவகைப் பத்திரமே. ‘இவ்விடத்தில் கல் உடைந்துள்ளது, இவ்வெழுத்து ஊகம்’ என்று கூறினால் அதனைப் புரிந்துகொள்ளத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை. மேலும், ஐயமின்றிக் கூறப்பட்ட ஒன்று பின்னர்த் திருத்தப்படும்போதுதான் மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்கின்றனர். தொடக்கத்திலேயே ஐயத்தைக் கூறியவரிடம் அவ்வுணர்வு தோன்றுவதில்லை.

குற்றம் முழுவதும் காணொளி செய்வோருடையதும் அன்று. ஆய்வாளர் தம் முடிவுகளை எளிய தமிழில் எழுதாது, கருத்தரங்க மலர்களிலேயே அடக்கிவைத்தமையால் ஏற்பட்ட வெற்றிடத்தையே பிறர் நிரப்பினர். 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் உள்ள தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர ஆணையிட்டபோது எழுந்த பொதுமக்கள் ஆர்வம், இவ்வாவணங்கள் மீது தமிழ் மக்கள் கொண்டுள்ள உரிமையுணர்வைக் காட்டியது. படி எந்நகரில் இருப்பினும், அதன் ஒளிப்படம் வாசகத்தின் அருகே இருந்தாலன்றி அவ்வுரிமை முழுமை பெறாது.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. கல்வெட்டு வாசகத்தை இணையத்தில் இடுவோர், மைப்படியின் அல்லது கல்லின் படத்தையும் உடன் இடுதல் வேண்டும்.

2. பதிப்பாசிரியரின் அடைப்பு, உடுக்குறி, புள்ளி ஆகியன மூலப்பாடத்தில் நீக்கப்படலாகாது. தேடலுக்கென அடைப்பற்ற மற்றொரு வடிவம் பின்னணியில் இருக்கலாம்.

3. காலத்தைக் குறிக்கும் ஒவ்வோரெண்ணோடும் அது கல்லில் உள்ளதா, கணிக்கப்பட்டதா, கணிப்பின் அடிப்படை யாது என்பன கூறப்படவேண்டும்.

4. கல்வெட்டின் கூற்று, ஆய்வாளர் ஊகம், மாற்றுக் கருத்து ஆகியன வெவ்வேறாகக் காட்டப்படவேண்டும்.

5. வாசித்தவர் பெயரும் வாசித்த ஆண்டும், பின்னர்ச் செய்த திருத்தங்களும் அழிக்கப்படாது நிலைத்திருக்கவேண்டும்.

6. இவை அனைத்துக்கும் எளிய தமிழில் ஒரு பக்க அளவிலேனும் விளக்கம் அமைதல் வேண்டும். அதனை ஆய்வாளரே எழுதுதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவை வேண்டுவதன்று. பதிப்பறத்தை மட்டுமே வேண்டுவது. அச்சுக்காலப் பதிப்பாசிரியர் சிறிய அடைப்புக்குறி ஒன்றினால் தம் அறியாமையை ஒப்புக்கொண்டு, பின்வருவோர்க்கு வழிவிட்டனர். கல்லைச் செதுக்கியவர் ஊரார் அறியவேண்டும் என்று செதுக்கினார். அவ்வூரார் கையில் அது மீண்டும் சேரும் இக்காலத்தில், கல்லில் தேய்ந்த எழுத்து தேய்ந்த எழுத்தாகவே சென்று சேர்தல் வேண்டும். அதனைக் கூர்ந்து நோக்கிச் சரியாகப் படிக்கப்போகும் ஒருவர் அவ்வூரிலேயே இருத்தல் கூடும்.